18 வருஷமாகப் புழங்கும் லேப் பிளாஸ்குகள்: என் அனுபவம்

திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியின் வேதியியல் லேபில் 18 வருஷமாக இருக்கிறேன். சாமான் எடுத்துக் கொடுப்பது, கழுவி அடுக்குவது, உடைந்ததற்குக் கணக்கு எழுதுவது எல்லாம் என் பொறுப்புதான். புதிதாக லேப் போடுகிறவர்கள் எந்த பிளாஸ்க் வாங்கலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

கூம்பு வடிவ கோனிகல் பிளாஸ்க்தான் அதிகம் உழைக்கும். எர்லன்மேயர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1860 வாக்கில் கொண்டுவந்த வடிவம், இன்றைக்கும் டைட்ரேஷனுக்கு, அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பதற்கு, இதை அடிக்க ஆள் இல்லை. எங்கள் போர் தண்ணீரின் கடினத்தன்மையை இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் கரைசலை வைத்துப் பார்க்கும்போது ஒரு கை சொட்டு விடும் பியூரெட் குழாயின் திருகில், இன்னொரு கை பிளாஸ்க் கழுத்தில் இருக்கும். அடி அகலம், வாய் குறுகல் என்பதால் எவ்வளவு சுழற்றினாலும் ஒரு சொட்டு வெளியே தெறிக்காது, கரைசலின் ஒயின் சிவப்பு நிறம் நீலமாக மாறுவதும் அடியில் வெள்ளை டைல் வைத்தால் பளிச்சென்று தெரியும். காசு மிச்சம் என்று 100 மில்லி அளவில் வாங்காதீர்கள், பிப்பெட் குழாயால் 20 மில்லி அளந்து விட்டு டைட்ரேட் செய்ய 250 மில்லிதான் சௌகரியம். அப்புறம், அதன் மேல் போட்டிருக்கும் கோடுகளை நம்பி எதையும் அளக்கக் கூடாது. 100 என்ற கோட்டில் 95-ம் இருக்கலாம், 105-ம் இருக்கலாம்.

அளப்பதற்கு எஸ்.எம்.எஃப்., அதாவது கழுத்தில் ஒரே கோடு போட்ட ஸ்டாண்டர்டு பிளாஸ்க். நான் மிகவும் கவனமாகப் பார்த்துக்கொள்வது இதைத்தான். ஒரு மே மாதம் ஒரு பையன் ஆக்சாலிக் அமிலம் 1.575 கிராம் எடை போட்டு, சீக்கிரம் கரையட்டும் என்று வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, 250 மில்லி பிளாஸ்கில் கோடு வரை நிரப்பி மூடி வைத்துவிட்டுப் போனான். கோட்டில் மிகச் சரியாகத்தான் நிறுத்தியிருந்தான், நானே குனிந்து கண் மட்டத்தில் பார்த்தேன். மறுநாள் காலையில் எடுத்தால் தண்ணீர் கோட்டுக்கு அரை சென்டிமீட்டருக்கும் கீழே நிற்கிறது. சிந்தவும் இல்லை, ஆவியாகவும் இல்லை. சூட்டில் விரிந்திருந்த தண்ணீர் ஆறிச் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். பிளாஸ்க் உடம்பில் 27 டிகிரி அல்லது 20 டிகிரி என்று அச்சிட்டிருப்பார்களே, அந்த வெப்பநிலையில்தான் அந்தக் கோடு சரி. மதுரை வெயிலில் மத்தியானம் லேபுக்குள்ளேயே 37 டிகிரி போகும். 27-ல் 100 மில்லி இருக்கும் தண்ணீர் 37-ல் ஏறக்குறைய 100.3 மில்லி ஆகும், துல்லியத்தில் உயர்ந்த தரமான ஏ கிளாஸ் 100 மில்லி பிளாஸ்கில் அனுமதிக்கப்பட்ட பிழையே 0.1 மில்லிதான். அதனால் சித்திரை, வைகாசியில் ஸ்டாண்டர்டு கரைசல் (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) எல்லாம் காலை எட்டு மணிக்குள் தயாரித்து முடித்துவிடுகிறோம். பீக்கரில் கரைத்து, ஆறவிட்டு, அதற்குப் பிறகுதான் பிளாஸ்குக்குள் ஊற்ற வேண்டும். இந்த பிளாஸ்கை அடுப்பிலோ ஓவனிலோ வைக்கவே கூடாது, கவிழ்த்து வைத்தாலே காய்ந்துவிடும்.

ஆர்.பி., அதாவது ரவுண்ட் பாட்டம் பிளாஸ்க் காய்ச்சி வடிக்க, ரிஃப்ளக்ஸ் போட (ஆவியைக் குளிரவைத்துத் திரும்ப உள்ளேயே விழவைத்தபடி கொதிக்கவிட). உருண்டை அடியில் சூடு சமமாகப் பரவும், மூலை இல்லாததால் விரிசல் விழுவது குறைவு. கீழே வைக்க, பானைக்குப் பிரிமணை மாதிரி ஒரு கார்க் வளையம் வேண்டும், அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். அடி தட்டையான ஃபிளாட் பாட்டம் எங்களிடம் நாலு இருக்கிறது, தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் வாஷ் பாட்டில் செய்யத்தான் எடுப்போம்.

வேக்கம் வைத்து, அதாவது பம்பால் காற்றை உறிஞ்சி வடிகட்ட, பக்கவாட்டில் குழாய் உள்ள தடித்த புக்னர் பிளாஸ்க் மட்டுமே. ஒரு தடவை சாதாரண கோனிகலில் ரப்பர் கார்க் போட்டுப் பம்பை இணைத்துவிட்டார்கள், அது உள்ளுக்குள் நொறுங்கித் துண்டுகள் மேஜையெல்லாம் சிதறின. எல்லோரும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்ததால் தப்பித்தோம். பிளாஸ்கின் கண்ணாடிக்குள் நட்சத்திரம் மாதிரி கீறல் தெரிந்தால் அந்த பிளாஸ்கை அன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள்.

கண்ணாடி போரோசிலிக்கேட் 3.3 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சூட்டில் அது சாதாரணக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்குதான் விரியும். விலை குறைவு என்று ஒருமுறை பேர் தெரியாத சரக்கில் ஒரு டஜன் எடுத்தோம், முதல் வாரமே அதில் மூன்று பிளாஸ்குகள் அடுப்புக் கம்பி வலை மேலேயே பிளந்தன.

கழுவுவதில், போர் தண்ணீர் விடும் வெள்ளைப் படலத்துக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், பெர்மாங்கனேட் விடும் பழுப்புக் கறைக்கு லேசாகச் சூடாக்கிய ஆக்சாலிக் அமிலத்தில் கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம். கடைசியாக வாலை வடிநீரில் அலச வேண்டும்.

சோடியம் ஹைட்ராக்சைடை மட்டும் கண்ணாடி மூடி போட்ட பிளாஸ்கில் ராத்திரி விட்டுவிடாதீர்கள், பிளாஸ்டிக் மூடி உள்ளதாக வாங்குவது நல்லது. போன மாதம்கூட ஒன்றின் மூடி இறுகிவிட்டது. கழுத்தில் வெந்நீர் ஊற்றினேன், மரக்கட்டையால் மெல்லத் தட்டினேன், இரண்டு நாள் முயன்றும் அசையவில்லை. ஏ கிளாஸ், 500 மில்லி, மூடியோடு அப்படியே அலமாரியில் நிற்கிறது.