ஜென்டில் ஜயண்டின் 'ஆக்டோபஸ்': இப்போதுதான் காதில் ஏறியது

கல்லூரி விடுதியில் நண்பன் ஒருவன் பிங்க் ஃப்ளாய்ட், யெஸ் மாதிரி ராக் குழுக்களை எல்லாம் நிரப்பி ரைட் பண்ணிக் கொடுத்த எம்பி3 சிடியில் ஓரமாக, ஜென்டில் ஜயண்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இந்த ஆல்பமும் கிடந்தது. நாலாவது பாட்டு வரைதான் தாக்குப்பிடித்தேன். ஆளுக்கொரு திசையில் பாடுகிறார்கள், யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை, எரிச்சலில் நிறுத்திவிட்டேன். போன மாதம் நீண்ட ரயில் பயணம், போனில் வேறு எதுவும் இறக்கி வைத்திருக்கவில்லை, சரி போகட்டும் என்று திரும்பப் போட்டேன். ஊர் வந்து சேர்வதற்குள் மூன்று தடவை ஓடிவிட்டது.

1972இல் வந்த ஆல்பம். அதே ஆண்டு யெஸ் பதினெட்டு நிமிடத்துக்கு ஒரே பாட்டு போட்டார்கள். ப்ராக்ரெசிவ் ராக் (செவ்வியல், ஜாஸ் எல்லாம் கலந்து சிக்கலாகக் கட்டும் ராக் வகை) என்றாலே அப்படி இழுப்பதுதான் என்று இருந்த காலம். இவர்களோ எட்டுப் பாட்டையும் சுமார் 34 நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். பெயரும் அதிலிருந்து வந்ததுதான்: ஆக்டோ ஓபஸ், எட்டுப் படைப்புகள். கொஞ்சம் கடி ஜோக்தான்.

அன்று என்னை விரட்டிய அந்த நாலாவது பாட்டு 'நாட்ஸ்'. மனநல மருத்துவர் ஆர். டி. லெய்ங் இதே பெயரில் எழுதிய புத்தகத்திலிருந்து பிறந்தது. அவன் என்ன நினைக்கிறான் என்று இவள் நினைக்கிறாள் என்று அவன் நினைப்பது மாதிரியான முடிச்சுகள்தான் விஷயம். பாட்டின் கட்டமைப்பும் அதே முடிச்சுதான், பல குரல்கள் தனித்தனி மெட்டில் பின்னிப் பாடும் ஐரோப்பாவின் பழைய மாட்ரிகல் பாணியில். இந்த முறை ஒரு சுற்று ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன், அடுத்த சுற்று வேறொரு குரல். ஒருவர் விட்ட சந்தில் இன்னொருவர் நுழைவது அப்போதுதான் தெரிந்தது. தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தக் கணக்கு அன்றே பிடிபட்டிருக்க வேண்டும், ஆனால் எனக்கு அப்போது ராக் என்றால் கிடார் அலற வேண்டும்.

இன்னொன்றும் அன்று கவனிக்கவில்லை, ட்ரம்மர் ஜான் வெதர்ஸ். முந்தைய ட்ரம்மர் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டதால் உள்ளே வந்தவர், இதுதான் குழுவோடு அவருடைய முதல் ஆல்பம். மேலே வயலின், ஆர்கன், சைலோஃபோன் என்று என்ன கூத்து நடந்தாலும் கீழே மனுஷன் கனமாக, நேராக அடித்துக்கொண்டே இருக்கிறார். அந்தப் பிடிமானம் இல்லையென்றால் ஆல்பமே காற்றில் பறந்திருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. கடைசிப் பாட்டு 'ரிவர்' இன்றும் எனக்கு அலைபாய்கிறது. குழுவின் ரோடிகளை (கச்சேரிக்குக் கருவிகளைச் சுமந்து போகும் உதவியாளர்களை) கிண்டலடிக்கும் 'டாக்ஸ் லைஃப்' ஒரு தடவை சிரிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் 'திங்க் ஆஃப் மீ வித் கைண்ட்னஸ்' என்று ஒன்று இருக்கிறதே! குழுவின் கீபோர்டு கலைஞர் கெர்ரி மினியர் பியானோவோடு மெல்லிய குரலில் பாடும் மூன்றரை நிமிடம், பிரிந்து போகிறவரிடம் என்னை அன்போடு நினைத்துக்கொள் என்பதைத் தவிர வேறெதுவும் கேட்காத பாட்டு. சிக்கலாக வாசித்தே பேர் வாங்கியவர்கள் இவ்வளவு எளிமையாக ஒன்றை எழுதி ஏழாவது இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள், நானோ நாலோடு ஓடிவிட்டேன்.

வாங்குவதானால் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் 2015இல் செய்த ரீமிக்ஸை (அதே பழைய ஒலிப்பதிவை மறுபடி கலந்தது) வாங்குங்கள், குரல்கள் பிரிந்து கேட்கின்றன. வரிசையாகப் போக வேண்டாம். ஏழாவதில் தொடங்கி, அப்புறம் முதல் பாட்டுக்கு வாருங்கள். 'நாட்ஸ்' ஒரு வாரம் காத்திருக்கட்டும்.