பெங்களூரில் இணைய விளையாட்டை மேம்படுத்தக் கொடுக்கிறீர்களா? எங்கள் 65,000 ரூபாய் போய்விட்டது

கோரமங்களாவில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் எங்களிடம் 65,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டது. அடுத்தவரும் அங்கே போய் மாட்டக்கூடாது என்று கொதிப்போடு எழுதுகிறேன்.

அல்சூரில் கூடைப்பந்து ஆடும் நாங்கள் சிலர், என்பிஏ டிராஃப்ட்டை, அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கும் நிகழ்வை, ஆடிப்பார்க்கும் இணைய விளையாட்டு ஒன்றை நடத்துகிறோம். 30 அணிகள், இரண்டு சுற்றுகள். ஓர் அணி உங்களுக்கு. மற்ற அணிகளுக்குக் கணினி வீரர்களை எடுக்கும். 2015இல் டல்லாஸ் அணி நம் இந்திய வீரர் சத்னாம் சிங்கை 52ஆவது இடத்தில் எடுத்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் இதை அதிகம் ஆடுகிறார்கள். குறைகள் இருந்தன. மூன்று சென்டர்கள் (கூடைக்கு அருகே நின்று ஆடும் உயரமான வீரர்கள்) இருக்கும் அணிக்கும் தரவரிசையில் மேலே இருக்கிறார் என்று கணினி நான்காவது சென்டரை எடுக்கும். உண்மையான டிராஃப்ட்டில் முதல் வீரரை எடுக்கும் அணியைக் குலுக்கலில் முடிவு செய்வார்கள்; எங்களுடையதில் அந்தக் குலுக்கலே கிடையாது. இதைச் சரிசெய்யக் கல்லூரிப் பிள்ளைகள்கூடக் கைக்காசு போட்டார்கள்.

அந்த நிறுவனத்தில் பேசியவர் ஓசூர்க்காரர். "அண்ணா, நம் ஆட்கள் வேலை, நானே முன்னின்று செய்து தருகிறேன்" என்றார். பலகையில் எழுதியே காட்டினார்: 14 பந்துகள், அவற்றில் நான்கை எடுத்தால் 1,001 சேர்க்கைகள், ஒன்றை விட்டுவிட்டு மீதி 1,000ஐ பிளேஆஃப் சுற்றுக்குப் போகாத 14 அணிகளுக்குப் பிரிக்க வேண்டும், வரும் சேர்க்கை எந்த அணியுடையதோ அதற்கே முதல் தேர்வு, 2019 விதிப்படி கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 140. இவ்வளவு தெரிந்தவர் என்றுதான் முன்பணமாக 40,000 கொடுத்தோம். பந்துகள் உருளும் காட்சியைத் திரையில் காட்டியதும் மீதி 25,000.

கைக்கு வந்ததை ஓட்டினோம். ஒவ்வொரு முறையும் கடைசி இடத்து அணிக்கே முதல் தேர்வு! 14 சதவீத வாய்ப்புள்ள அணி எப்படி ஓயாமல் வெல்லும்? பந்து உருண்டதெல்லாம் வெறும் வீடியோ. பின்னால் குலுக்கலே இல்லை. நான்காவது சென்டரும் அப்படியே வந்து நிற்கிறார்.

கேட்டால், "குலுக்கல் என்றால் அதிர்ஷ்டம்தானே அண்ணா" என்கிறார், 1,001ஐ எழுதிக்காட்டிய அதே மனிதர்! பிறகு "சர்வர் கோளாறு". அதன்பின் வரவேற்பில் இருக்கும் பெண் மட்டும் பேசினார்: "சார் மீட்டிங்கில் இருக்கிறார்." நேரில் போனால், ரசீதில் 'வடிவமைப்பு வேலை' என்றுதான் இருக்கிறது, நிறம் மாற்றித் தந்துவிட்டோம் என்கிறார்கள். நிறம் மாற்றவா 65,000 ரூபாய்? நாங்கள் கொடுத்த பழைய சோர்ஸ் கோடையும் திருப்பித் தரவில்லை, சர்வர் கடவுச்சொல்லையும் மாற்றி வைத்திருக்கிறார்கள். இருந்த விளையாட்டும் போயிற்று. பரீட்சைக் கட்டணத்துக்கு வைத்திருந்ததிலிருந்து எடுத்துக் கொடுத்த பையனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள். காட்சியைப் பார்த்துப் பணம் தராதீர்கள்; உங்கள் கணினியில் குலுக்கலை 1,000 முறை ஓட்டுங்கள், கடைசி அணிக்கு முதலிடம் ஏறக்குறைய 140 முறை வர வேண்டும். என்ன வேலை என்பதை ரசீதில் வரிவரியாக எழுதி வாங்குங்கள். பழைய கோடின் நகலை வைத்துக்கொள்ளாமல் யாருக்கும் சர்வரைத் திறந்துவிடாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நாங்கள் அங்கே புகார் கொடுத்துவிட்டோம். 65,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூட இன்னும் திரும்பி வரவில்லை.