எலி இதயத்துக்கான லாங்கன்டார்ஃப் கருவி: மூன்று ஆண்டுக்குப் பிறகு

1895இல் ஆஸ்கர் லாங்கன்டார்ஃப் காட்டிய வழிதான் இன்றும். எடுத்த இதயத்தின் பெருந்தமனியில் குழாயைக் கட்டி, கரைசலைப் பின்னோக்கி விட்டால் வால்வு மூடிக்கொள்ளும், கரைசல் இதயத்துக்கே ரத்தம் தரும் கரோனரி நாளங்களுக்குள் இறங்கும், இதயம் துடிக்கும். முதல்முறை பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

மாரடைப்பில் அடைப்பைத் திறந்தே ஆக வேண்டும். ஆனால் திறந்த முதல் சில நிமிடங்களில், திரும்பி வரும் ஆக்சிஜனும் செல்லுக்குள் நிரம்பும் கால்சியமும் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் துளையைத் திறந்துவிடுகின்றன. அதுவரை தாக்குப்பிடித்த செல்களிலும் ஒரு பங்கு அப்போது சாகிறது. அந்தப் பங்கை எப்படிக் காப்பது என்பதுதான் என் வேலை. மாரடைப்பைப் போல 30 நிமிடம் கரைசல் ஓட்டத்தை நிறுத்துவேன், 120 நிமிடம் திரும்ப விடுவேன், பிறகு இதயத்தைத் துண்டு போட்டு டிடிசி சாயத்தில் வைப்பேன். உயிருள்ள திசு செங்கல் சிவப்பாகும், செத்தது வெளுத்தே இருக்கும்.

இந்தக் கருவியின் அடைப்புத் திருகு அருமை. செல்களைக் காக்கும் ஒரு வழியாக, ஓட்டம் திரும்பியதும் 10 விநாடி மூடி 10 விநாடி திறப்பதை ஆறு முறை செய்தாலும் ஒரு சொட்டுகூடக் கசியாது. கரைசலில் வரும் காற்றுக் குமிழியைப் பிடிக்கும் குமிழிப் பொறியும் நல்ல அளவு. ஒரு காற்றுக் குமிழி கரோனரியில் புகுந்தால் அன்றைய வேலை போச்சு.

சிக்கல் வெப்பத்தில். திரை காட்டும் 37 டிகிரி, கரைசல் தொட்டியின் வெப்பம். ஓட்டத்தை நிறுத்தியதும் இதயத்துக்குச் சூடான கரைசல் வராது, அறைக் காற்றில் தொங்கும். முதல் ஆண்டில் நாங்கள் சோதித்த மருந்து வெளுத்த பகுதியைப் பாதியாக்கியது. எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் ஒரு நாள் இதயத்தை ஒட்டி மெல்லிய வெப்ப உணரியை வைத்துப் பார்த்தேன்: 34. மருந்து கொடுத்த இதயங்களை எல்லாம் அறை குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் ஓட்டியிருந்தோம். இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியே இதயத் திசுவை நன்றாகக் காக்கும். மருந்து காத்ததாக நாங்கள் நினைத்ததைக் குளிர்தான் செய்திருக்கிறது. வரிசையைக் கலைத்து, சூட்டைச் சரிசெய்து மறுபடி செய்தோம். வித்தியாசம் காணாமல் போனது. வீணாய்ப் போன அந்த எலிகளை நினைத்தால் இன்னமும் மனசு கேட்கவில்லை.

தயாரிப்பாளருக்கு எழுதினேன். தொட்டியின் வெப்பம் சரியாகவே இருக்கிறது என்று பதில் வந்தது. இது எனக்குக் கோபம். இதயத்தைக் காக்கும் ஆய்வுக்கென்றே விற்கும் கருவியில் இதயத்தின் வெப்பத்தை அளக்க இடமில்லாதது பெரிய குறை.

கழுவுவது எளிது. ஆனால் கண்ணாடி உறையின் இணைப்புக் குழாய்கள் ஆண்டுக்கு ஒருமுறை விறைத்துப்போகும், மாற்ற வேண்டும்.

திருகுக்காகவும் நிலையான அழுத்தத்துக்காகவும் ஐந்துக்கு மூன்று தருவேன். வாங்கினால் முதல் நாளே இதயத்தை ஒட்டித் தனியாக ஒரு வெப்ப உணரியை வையுங்கள். ஓட்டம் நின்றிருக்கும் 30 நிமிடமும் இதயத்தை 37 டிகிரி கரைசலில் மூழ்க வைத்துவிடுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.