ரோம்ஸ் மொடலுடன் ஆறு வருடம்: அப்புத்தளையிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று தெற்கே பார்த்தால் மலை சட்டென்று முடிந்துவிடும். மழை விட்டு வானம் கழுவி விட்டாற்போல் இருக்கும் காலைகளில், சமவெளிக்கு அப்பால் அம்பாந்தோட்டைப் பக்கம் ஒரு வெள்ளிக்கோடு மின்னும். அதுதான் கடல். அந்தக் கோட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடந்த ஆறு வருடமாக அதே கடலை ஒரு கணினியில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆராய்ச்சிப் பட்டத்துக்காகத் தொடங்கியது, பட்டம் முடிந்தும் விடவில்லை.

நான் பயன்படுத்துவது ரோம்ஸ் என்ற பிராந்தியக் கடல் மொடல், அதாவது கடலின் ஒரு பகுதியைக் கணினியில் போலச் செய்து பார்க்கும் நிரல். இலவசம், மூலநிரல் திறந்தது, போர்ட்ரான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. கடலைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீரின் வேகம், வெப்பநிலை, உப்பு, நீர்மட்டம் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கணக்கிடும். இந்தப் பெட்டிகளின் தொகுப்பைத்தான் வலை என்கிறேன். என் வலை கிழக்கு நெடுங்கோடு 75 பாகையிலிருந்து 90 வரை, வடக்கு அகலக்கோடு 2 பாகையிலிருந்து 14 வரை. ஒரு பெட்டி சுமார் 9 கிலோமீட்டர் அகலம், ஆழத்தில் 30 அடுக்கு.

இது வீட்டுக் கணினியில் ஓடுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. 4000 மீட்டர் ஆழக் கடலில் நீர்மட்ட அலை விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போகும். உள்ளே அடுக்குகளுக்கு இடையே நகரும் அலைக்கு வேகம் 2, 3 மீட்டர்தான். ரோம்ஸ் இரண்டையும் பிரித்துவிடுகிறது: நீர்மட்டத்தை 10 விநாடிக்கு ஒரு தடவை, மற்றதை 5 நிமிடத்துக்கு ஒரு தடவை. எல்லாவற்றையும் 10 விநாடிக்கு ஒரு தடவை கணக்கிட வேண்டியிருந்தால் நான் எப்போதோ கைவிட்டிருப்பேன். இப்போது ஒரு வருடக் கடல் ஓடி முடிய ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கிறது.

அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். விடிந்ததும் அறைக்குள் எட்டிப் பார்த்து, "என்னய்யா, கடலு ஓடுதா?" என்று கேட்பார். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் போனபோது பல நாள் "நின்னு போச்சும்மா" என்றுதான் சொல்ல முடிந்தது. கடலின் அப்போதைய நிலையைச் சேமிக்கும் மறுதொடக்கக் கோப்பை அடிக்கடி எழுதச் சொல்லி வைத்தால், நின்ற இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் அந்தக் கோப்பே கெட்டுவிடும். மாதத்துக்கு ஒரு பிரதியை வேறு டிஸ்க்கில் போட்டு வையுங்கள். நான் இழந்தது பதினோரு மாதக் கடல்.

இனி குறை. ரோம்ஸின் அடுக்குகள் கடலடியின் ஏற்ற இறக்கத்தோடு வளைந்து போகின்றன. ஆழமில்லாத கரையிலும் 30 அடுக்கு கிடைப்பது இதனால் வரும் நன்மை. ஆனால் தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலடி, குறுகியது. கொஞ்ச தூரத்திலேயே கடலடி ஆயிரக்கணக்கான மீட்டருக்குச் சரிந்துவிடுகிறது. அங்கே அடுக்குகள் செங்குத்தாகச் சாய்கின்றன. சாய்ந்த அடுக்கில் அழுத்த வித்தியாசத்தைக் கணக்கிடுவது, இரண்டு பெரிய எண்களைக் கழித்து மிஞ்சும் சின்ன எண்ணைத் தேடுவது போல. கொஞ்சம் பிசகினால் இல்லாத நீரோட்டம் பிறந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. காற்றை நிறுத்துங்கள், வெயிலை நிறுத்துங்கள், வலையின் எல்லைகளை மூடுங்கள். வெப்பமும் உப்பும் ஆழத்தோடு மட்டும் மாறட்டும். அப்படிப்பட்ட கடல் அசையவே கூடாது. என் முதல் வலையில் முப்பதாம் நாள் தெற்குச் சரிவில் விநாடிக்கு 20 சென்டிமீட்டர் ஓட்டம் தெரிந்தது. படத்தில் பார்க்க அசல் பருவக்காற்று நீரோட்டம் போலவே இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. மொடலில் கடலடியின் மேடுபள்ளத்தை மெழுகி, பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளின் ஆழ வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் எண்ணை 0.2க்குள் கொண்டுவந்த பிறகு ஓட்டம் 2 சென்டிமீட்டராகக் குறைந்தது. மெழுகினால் மேடையின் விளிம்பு இடம் நகரும் என்பதும் உண்மை. ஆழ்நீர் மேலெழும் இடத்தைப் பற்றி எழுதும்போது அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பாக்கு நீரிணையில் வேறொரு பாடம். மிகக் குறைந்த ஆழத்தை 20 மீட்டர் என்று வைத்திருந்தேன்; அதைவிட ஆழம் குறைந்த இடத்தையும் மொடல் 20 மீட்டராக எடுத்துக்கொள்ளும். மன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள மணல்திட்டுகளில் ஆழம் சில மீட்டர்தான். என் மொடலில் அது திறந்த வாய்க்காலாகி, மன்னார் குடா நீர் வடக்கே பாய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டிகளை நிலமாக மாற்றி ஆறு மாத வேலையைத் திரும்பச் செய்தேன்.

இவ்வளவு சிரமம் எதற்கு? கடலை நிறுத்திவைத்து, ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி ஓட்ட வேறு வழி இல்லை. தென்மேல் பருவப்பெயர்ச்சியில் இலங்கைக்குத் தெற்கே கிழக்கு நோக்கி ஓடும் நீர், வடகீழ் காலத்தில் மேற்கே திரும்பும். தென்மேல் காலத்தில் ஒரு கிளை வடக்கே வளைந்து வங்காள விரிகுடாவுக்குள் நுழையும்: விநாடிக்குச் சுமார் ஒரு கோடி கனமீட்டர். அதன் ஓரத்தில், இலங்கைக்குக் கிழக்கே, கீழ்நீர் மேலெழும்பி ஒரு குளிர்ந்த சுழி உருவாகிறது. கடலியல் ஆய்வாளர்கள் வினயச்சந்திரனும் யமகத்தாவும் 1998இல் மொடலைக் கொண்டே விளக்கிய 'இலங்கைக் குவிமாடம்' இதுதான். மே மாதத்தில் தொடங்கி, ஜூலையில் முதிர்ந்து, செப்டெம்பர் அளவில் கரைந்துவிடும். 2014இல் ஆஷா டி வொஸ், பட்டியாரச்சி, விஜேரத்ன ஆகிய ஆய்வாளர்கள் இலங்கையைச் சுற்றிய மேற்பரப்பு நீரோட்டத்தை ஆராய எடுத்துக்கொண்டதும் ரோம்ஸைத்தான். நான் இதைத் தேர்ந்தெடுக்க அந்தக் கட்டுரை ஒரு காரணம்.

ஒரே வருடத்தின் காற்றை எட்டு வருடத்துக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தேன். பருவத்துக்குப் பருவம் ஓட்டம் திரும்புவது தவறவில்லை, குவிமாடமும் நேரத்துக்கு வந்தது. ஆனால் அதன் விளிம்பில் பிரியும் சுழிகள் ஒவ்வொரு வருடமும் வேறு வேறு இடத்தில் இருந்தன. காற்று மாறவில்லை, எல்லையும் மாறவில்லை. மாறியது கடல் தானாகவே. அந்த எட்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த இரவை நான் மறக்க மாட்டேன். அதுவரை ஒரு வருடத்துச் சுழிக்கும் அந்த வருடக் காற்றுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு எதிர்ப்பக்கம்: காற்று அசல், வலையின் எல்லைகளில் மட்டும் நீண்டகாலச் சராசரி. நிலநடுக்கோட்டிலிருந்து கிளம்பி விரிகுடாவின் கரையோரமாகச் சுற்றி வரும் கெல்வின் அலைகள் இதில் இல்லாமல் போயின. கிழக்குக் கரையோர நீர்மட்டம் செய்மதி அளவீட்டோடு ஒத்துப்போகவில்லை. நம் கரையில் நடப்பதில் ஒரு பங்கு சுமாத்திராப் பக்கமிருந்து வருகிறது. 2019 போல இந்து சமுத்திர இருமுனை (சமுத்திரத்தின் மேற்கும் கிழக்கும் வெப்பத்தில் எதிரெதிராக மாறும் நிலை) வலுவாக இருந்த வருடங்களை ஓட்டும்போது எல்லைத் தரவைத் தேர்ந்தெடுப்பதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் மலையில் கொட்டும் மழை அந்த இருமுனையோடு தொடர்புள்ளது என்பதால் எனக்கு இது வெறும் கணக்கு இல்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. கையேடு விரிவானது, ஆனால் மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் முதல் கொம்பைல் வரைக்கும் தனியாகத் தள்ளாட வேண்டியிருக்கும். தமிழில் கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன். காற்றுக்கு ஈரா-5 தரவு, கடலடிக்கு ஜெப்கோ ஆழத் தரவு, சரிபார்க்க கடலில் மிதந்து வெப்பமும் உப்பும் அளக்கும் ஆர்கோ மிதவைகளின் தரவு, எல்லாம் இலவசம். முதல் ஓட்டம் அசையாத கடலாக இருக்கட்டும்.

இப்போது தொடக்க நிலையை மட்டும் துளி மாற்றிய பத்துக் கடல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுகிறேன். ஏழாவது இன்று காலை ஜூன் மாதத்தில் நிற்கிறது.