‘வீட்டுக்கே வந்து ஊசி போடுவார்’ என்று யாராவது நம்பர் கொடுத்தால்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் நாய் வளர்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாய்த்தீனி விற்கும் ஒரு கடையில், வீட்டுக்கே வந்து வைத்தியம் பார்க்கும் ‘டாக்டர்’ என்று ஒரு நம்பர் கொடுக்கிறார்கள். அந்த ஆளை நம்பி எங்கள் வீட்டில் ஆறு நாளில் 7,500 ரூபாய் போனது. நாயும் போயிருக்கும். கடைப் பெயரையும் ஆள் பெயரையும் எழுதவில்லை. அவர் சொன்ன பெயரே உண்மையா என்று எனக்குச் சந்தேகம்தான். எப்படி ஏமாந்தோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பிளாக்கி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது எங்கள் மாடிப்படியில் ஏறி வந்து உட்கார்ந்த குட்டி. தண்ணீர் வடிந்தது, அது இறங்கவில்லை. அம்மா சாயங்காலம் வாசலில் இட்லிக் கடை போடுவார். கடை முடிந்ததும் மிச்சம் இருக்கும் இட்லி அதற்கு. நான் பைக்கில் பார்சல் டெலிவரி செய்கிறேன். இதைத்தான் எங்கள் பொருளாதாரம் என்று சொல்ல வேண்டும்.

போன மாதக் கடைசியில் பிளாக்கி சாப்பிடுவதை நிறுத்தியது. உடம்பு கொதித்தது. காதோரம் உண்ணி இருந்ததைப் பார்த்திருந்தேன், பிடுங்கிப் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். பெரிய கிளினிக்குக்குப் போகப் பயம். ஒருமுறை தடுப்பூசிக்குப் போய் பில்லைப் பார்த்தே வேர்த்துவிட்டது. தீனிக் கடையில் கேட்டேன். உடனே நம்பர் கிடைத்தது. ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கையில் ஜிப் வைத்த பை. “பயப்படாதீங்கம்மா, மூணு நாள்ல ஓடும்” என்றார். இரண்டு ஊசி போட்டார். 700 ரூபாய்.

சொன்ன மாதிரியே ராத்திரி எழுந்து சாப்பிட்டது! அம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டார். மறுநாள் மதியம் மறுபடி படுத்துவிட்டது. போன் செய்தோம், வந்தார், ஊசி, 600. மறுபடி எழுந்தது, மறுபடி படுத்தது. புதன்கிழமையும் அதே 600. வியாழன் அன்று டிரிப்ஸ் ஏற்றி 900 வாங்கினார். கூடவே, “ரத்தம் டெஸ்டுக்கு அனுப்பணும், லேப் காசு 3,500, அவங்களுக்கு முன்னாடியே கட்டணும்” என்றார். வீட்டில் அவ்வளவு இல்லை. அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. கையில் வந்த 5,000-இல் 3,500-ஐ ஜிபேயில் அனுப்பினேன். அனுப்பும்போது திரையில் வந்த பெயர் வேறு. கேட்டதற்கு “என் ஒய்ஃப் அக்கவுண்ட்” என்றார். சரி என்று விட்டேன். ரிசல்ட் வாட்ஸ்அப்பில் வரும் என்றார். இன்று வரை வரவில்லை. வெள்ளி, சனி தலா 600.

எங்கள் பக்கம் தண்டல், அதாவது தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டும் கடன், வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். முதல் நாளே வாசலில் நின்று 7,500 கேட்டிருந்தால் கும்பிடு போட்டு அனுப்பியிருப்போம். தினம் அறுநூறு என்றால் கை தானாகப் பர்ஸுக்குப் போகிறது. நேற்றுக் கொடுத்தது வீணாகிவிடக் கூடாதே என்று இன்றும் கொடுக்கிறோம். காசு இல்லாதவன்தான் இப்படித் துண்டு துண்டாக அதிகம் கொடுக்கிறான்.

ஒரு நாள்கூட அவர் சீட்டு எழுதவில்லை. என்ன மருந்து என்று கேட்டால், “சொன்னா உங்களுக்குப் புரியாது தம்பி.” ஊசி போட்டு முடித்ததும் காலி மருந்து பாட்டிலைப் பையில் போட்டுக்கொள்வார். குழந்தைகள் காலில் குத்திவிடுமாம். எவ்வளவு பொறுப்பான ஆள் என்று எதிர்வீட்டு அக்கா மெச்சினார்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பிளாக்கியின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அந்த ஆளின் போன் சுவிட்ச் ஆஃப். துடைத்துவிடத் துணி எடுக்கக் குனிந்த அம்மாவின் கையில் கட்டிலுக்கடியில் உருண்டுபோயிருந்த ஒரு சின்ன பாட்டில் கிடைத்தது. அந்த ஆள் எடுக்க மறந்தது. லேபிளில் டெக்ஸாமெத்தசோன் என்று இருந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். மூன்று ஆட்டோ நின்று, நாயைப் பார்த்ததும் கிளம்பிவிட்டது. கடைசியில் காசிமேட்டில் மீன்பாடி வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர் தார்ப்பாயை விரித்து ஏற்றிக்கொண்டார். மீன் வாசனைக்கு பிளாக்கி ஒருமுறை தலையைத் தூக்கியது. பேசின் பிரிட்ஜ் தாண்டி, சூளை வழியாக வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 1903-இல் தொடங்கிய கல்லூரி. அந்த வாசலை நான் டெலிவரிக்காக நூறு தடவையாவது கடந்திருப்பேன். மாட்டாஸ்பத்திரி, படிக்கிற பிள்ளைகளுக்கானது என்றே நினைத்திருந்தேன். உள்ளே போனால் பாதி வடசென்னை நாயோடு உட்கார்ந்திருக்கிறது.

அங்கே முதலில் செய்தது ரத்தப் பரிசோதனைதான். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். உண்ணிக் காய்ச்சல். அந்தக் கிருமி ரத்தத்தின் வெள்ளை அணுக்களுக்குள் குடியேறிவிடுமாம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போகும். மூக்கில் ரத்தம் வந்தது அதனால்தான். வயிற்றுத் தோலில் ஊதாப் புள்ளிகளும் இருந்ததை அந்த டாக்டரம்மா காட்டினார். நான் கவனிக்கவே இல்லை.

பாட்டிலைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது ஸ்டீராய்டு தம்பி. காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், கிருமி அப்படியே இருக்கும். அதோட எதிர்ப்பு சக்தியையும் அமுக்கிடும்.” தேவை பார்த்து டாக்டர்களே கொடுக்கிற மருந்துதானாம். என்ன நோய் என்றே பார்க்காமல் தினமும் குத்தியதுதான் வினை. ஒவ்வொரு ஊசிக்கும் அது எழுந்து சாப்பிட்டதன் ரகசியம் இவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் அடுத்த அறுநூறை எடுத்து வைத்தோம்.

டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாளைக்கு எழுதினார்கள். மனிதர்களுக்கும் கொடுக்கும் சாதாரண மாத்திரைதான், விலையும் அதிகமில்லை. இதைப் படித்துவிட்டு நீங்களே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். எடையைப் பார்த்துத்தான் அளவு. பாராசிட்டமாலை உடைத்துக் கொடுப்பவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அது நாயின் ஈரலைக் கெடுக்கும். ஐபுபுரூஃபென் இன்னும் மோசம், வயிற்றுப் புண்ணில் தொடங்கி சிறுநீரகம் வரை போகும். அன்றைக்கு எனக்கு ஆன மொத்தச் செலவு, மீன்பாடி வண்டிக் கூலியையும் சேர்த்து, அந்த ஆளுக்கு இரண்டு நாளைக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். கயிறு கட்டாயம். கடிக்கிற நாய் என்றால் வாயைக் கட்ட ஒரு துணி வேண்டும். எப்போதிலிருந்து சாப்பிடவில்லை, மூத்திரம் என்ன நிறம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி, பேதியைப் போனில் படம் எடுத்துக் காட்டினாலும் அருவருப்புப் பட மாட்டார்கள். தடுப்பூசி போடாத குட்டி ரத்தமாகப் பேதி போனால் ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடாதீர்கள். அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது, டிரிப்ஸ் ஏற்றி உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். தெருநாய் என்றால் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு இருக்கிறது, ஆனால் கிண்டி பக்கம். நமக்குத் தூரம்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நல்ல டாக்டர்களும் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பட்டம் பெற்றுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் இந்த வைத்தியம் பார்க்கலாம். உதவியாளர்கள் அவருடைய மேற்பார்வையில் சில சின்ன வேலைகள் செய்யலாம், அவ்வளவுதான். ஆகவே வாசலிலேயே கேளுங்கள்: பதிவு எண் என்ன, சீட்டு எழுதித் தருவீர்களா? காலி பாட்டில் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். கேட்டதற்கே முகம் சுளிக்கிற ஆளை உள்ளே விடாதீர்கள். நான் மாநிலக் கவுன்சிலுக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். ஜிபே ரசீதும் பாட்டில் படமும் இணைத்து இந்த வாரம் கொடுக்கப் போகிறேன். தீனிக் கடைக்காரரிடமும் போய்ச் சொன்னேன். “எனக்கென்ன தெரியும், நம்பர்தானே கொடுத்தேன்” என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே கல்லாவுக்குப் பக்கத்தில் அதே நம்பர் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பிளாக்கிக்கு இன்று 19-வது நாள் மாத்திரை. ஈறு லேசாகச் சிவந்திருக்கிறது. பால், தயிரோடு கொடுத்தால் மருந்து சரியாகச் சேராது என்றதால் அம்மா இட்லித் துண்டுக்குள் வைத்துக் கொடுக்கிறார். இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாகத் துப்புகிறது. மறுபடி வைத்து, மறுபடி துப்பி, மூன்றாவது இட்லியில்தான் உள்ளே போகிறது.