உண்ணி எடுக்கும் கொக்கி: எட்டு மாதம் கையில் வைத்துப் பார்த்தபின்

பச்சை நிறத்தில் இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகள். பெரியது என் சுண்டுவிரல் நீளம், சின்னது அதைவிடக் குட்டை. நுனி வளைந்து, நடுவில் ஒரு வெட்டு. ஆசாரி ஆணி பிடுங்குகிற சுத்தியலின் பின்பக்கம் எப்படி இருக்கும், அந்த மாதிரி. இரண்டும் சேர்த்து 190 ரூபாய் என்று ஆன்லைனில் வாங்கினேன். பங்குனியில், பிசான அறுப்பு முடிந்த கையோடு வந்தது. இப்போது கார்த்திகை. இதற்குள் எங்கள் சிட்டு மேலிருந்தும் ஆடுகளின் காதிலிருந்தும் இருநூறு உண்ணிக்குக் குறையாமல் எடுத்திருப்பேன்.

சிட்டு கன்னி நாய். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலேயும் நாலு காலிலும் செம்மண் நிறம். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கன்னடியன் கால்வாய்க் கரையில் ஆட்டை விட்டுக்கொண்டு போனால் சிட்டு முன்னால் ஓடும். புல்லுக்குள்ளேயும் உண்ணிச்செடிப் புதருக்குள்ளேயும் நுழைந்து வெளியே வரும்.

கொக்கி வாங்கும்படி ஆனது அதற்கு வந்த காய்ச்சலால்தான். போன தை மாதம் மூன்று நாள் சோறு தொடவில்லை. நாலாம் நாள் காலையில் தார்சாவில் படுத்திருந்த இடத்தில் ரத்தச் சொட்டு. பார்த்தால் மூக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஆட்டோ பிடித்து இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அம்மா ஈறைத் தூக்கிப் பார்த்தார், வெளுத்திருந்தது. வயிற்றுத் தோலில் ஊசி குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் மிகவும் இறங்கியிருந்தன. எர்லிக்கியா என்றார். நாயுண்ணி கடித்து வருகிற கிருமி. டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 28 நாள், ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார். விடவில்லை. சிட்டு பிழைத்தது.

அதற்கு முந்தைய வருஷம் நான் செய்த தப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு கடையில் மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை, "நாய்க்கும் ஆகும், தண்ணியில கலந்து தேயுங்க" என்று கொடுத்தார்கள். அளவு எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கொஞ்சம் கூடுதலாகவே கலந்து தேய்த்துவிட்டேன். சிட்டு உடம்பை நக்கியது. ராத்திரி முழுக்க வாயில் எச்சில் ஒழுக நடுங்கிக்கொண்டே கிடந்தது. சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டித்தான் காப்பாற்றினோம். மாட்டு மருந்தைக் கண்ணளவில் கலந்து நாய்க்குப் போடாதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நாய்க்கு ஒத்துக்கொள்கிற பெர்மெத்ரின் மருந்தே பூனையைக் கொன்றுவிடும்.

இனி கொக்கி. முன்பெல்லாம் உண்ணியை நகத்தால் கிள்ளித்தான் பிடுங்குவோம். வயிறு நசுங்கும், வாய்ப்பகுதி தோலுக்குள்ளேயே ஒடிந்து நின்று சீழ் வைக்கும். எங்கள் அத்தை மண்ணெண்ணெயைத் தொட்டு வைப்பார். அது தானாக விழ நேரம் பிடிக்கும், அதுவரைக்கும் எச்சிலை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். கிருமி அந்த எச்சிலில்தான் இருக்கிறது. தீக்குச்சி சுட்டு வைப்பதும் இதே கதைதான். கொக்கியைத் தோலோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் நுழைத்து, உண்ணியின் கழுத்து அந்த வெட்டுக்குள் வந்ததும் மெதுவாகத் திருக வேண்டும். இரண்டு மூன்று சுற்றில் முழுசாகக் கழன்று வரும். வயிற்றில் அழுத்தமே படுவதில்லை. முதல் வாரம் எனக்குக் கை பழகாமல் ஐந்தாறு ஒடிந்தது. அதன்பிறகு ஒடிந்ததாக ஞாபகம் இல்லை. சிட்டுவும் முன்னைப் போல உறுமுவதில்லை, மடியில் தலையை வைத்துப் படுத்துவிடுகிறது.

ரத்தம் குடித்துக் கொட்டமுத்து மாதிரி ஊதிப்போன பெண் உண்ணிக்குப் பெரிய கொக்கி. அரிசி அளவு இருப்பதற்குச் சின்னது. அதற்கும் சின்னதாக, கடுகைப் பொடித்தாற்போல ஆறு காலோடு திரிகிற குஞ்சுகளுக்கு இரண்டுமே உதவாது, வெட்டுக்குள் நிற்காமல் நழுவிவிடும். அதற்கு ஒட்டும் டேப்பை வைத்து அப்பி எடுக்கிறேன். மாட்டுக்கும் இது தோதுப்படாது. மடியிலும் அலைதாடியிலும் நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கிடந்தால் ஒவ்வொன்றாய்த் திருகிக்கொண்டிருக்க முடியுமா? மாட்டு டாக்டரைக் கூப்பிட்டு அளவோடு மருந்து அடிப்பதுதான் வழி. கலப்பினப் பசு வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். உண்ணியால் வருகிற காய்ச்சலில் மாடு ரத்தமாய் மூத்திரம் பெய்து இரண்டு மூன்று நாளில் விழுந்துவிடும்.

கூட வந்த இங்கிலீஷ் தாளைப் பற்றி எனக்குக் குறை உண்டு. உண்ணியை ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் பயமில்லை என்று அதில் போட்டிருப்பதாக மகன் வாசித்துச் சொன்னான். டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். அது லைம் நோயை மனதில் வைத்து எழுதியது என்றார். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து லைம் என்கிற ஊர்ப்பக்கம் 1975-வாக்கில் பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கப்போய் அடையாளம் கண்ட நோய். அதைப் பரப்பும் உண்ணி வேறு இனம், அந்தக் கிருமி இறங்கப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். நம் நாயுண்ணியின் எர்லிக்கியா சில மணி நேரத்திலேயே இறங்கிவிடலாம். சாயங்காலம் கொக்கியைக் கையில் எடுப்பதற்குள் காரியம் முடிந்திருக்கலாம். அதனால் கொக்கியை மட்டும் நம்பாதீர்கள். சிட்டுவுக்கு டாக்டர் எடைக்குத் தக்கபடி எழுதிக்கொடுத்த உண்ணி மாத்திரையும் நாள் தவறாமல் கொடுக்கிறேன்.

அதைவிடப் பெரிய வேலை வீட்டில் இருந்தது. நாயின் மேல் நாம் பார்ப்பது கொஞ்சம்தான். ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவரில் ஏறி, விரிசலுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டை இட்டுவிட்டுச் சாகும். எங்கள் தார்சா பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர். ஒரு ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன், உத்தரம் வரைக்கும் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. சித்திரையில் கொத்தனாரை வைத்து விரிசல் எல்லாம் பூசினோம். சிட்டு படுக்கிற சாக்கை வாரம் ஒருமுறை கொதிக்கிற தண்ணீரில் போட்டு வெயிலில் காய வைக்கிறேன். ஆடி வாக்கில்தான் உண்ணி குறைந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டு மைனிக்குக் காய்ச்சல் கண்டது. எட்டு நாளாக விடவில்லை. ஆஸ்பத்திரியில் "உண்ணிக் காய்ச்சல்" என்று சொன்னதும் பேச்சு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. "ஏட்டி, உன் நாயாலதான்னு எல்லாரும் சொல்லுதாவ" என்று மைனியே என்னிடம் சொன்னார். சிட்டுவை எங்கேயாவது கொண்டுபோய் விடு என்றார்கள். அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடமே கேட்டேன். மைனியின் அக்குளில் கறுப்பாய் ஒரு பொருக்கு, பீடி நெருப்பால் சுட்டாற்போல். அதைக் காட்டி விளக்கினார். இது ஸ்க்ரப் டைபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்களே தவிர, இதைக் கொண்டுவருவது நாயுண்ணி இல்லை. புதரிலும் புல்லிலும் எலி நடமாடுகிற இடத்திலும் இருக்கிற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிற்றுயிரின் குஞ்சு. மைனி தினமும் கால்வாய்க்கரையில் புல்லறுக்கப் போகிறவர். அவருக்கும் டாக்ஸிசைக்ளின்தான் கொடுத்தார்கள், இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது.

நாயுண்ணி மனிதரைக் கடிக்காது என்று நான் சொல்லவில்லை. அதனாலும் காய்ச்சல் வரும், உள்ளங்கையில்கூடச் சிவப்புத் தடிப்பு வரும். ஆனால் அது வேறு, இது வேறு. ஸ்க்ரப் டைபஸுக்கு இந்தக் கொக்கியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முழுக்கை சட்டை போட்டு, காலை மூடிக்கொண்டு புல்லறுக்கப் போவதும், வெறும் புல்லில் உட்காராமல் இருப்பதும், வந்ததும் குளித்து உடுப்பைத் துவைத்துப் போடுவதும்தான் காவல். புல் வேலை செய்கிறவர்களுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தால், அக்குள், இடுப்பு மடிப்பு எல்லாம் பார்த்து, பொருக்கு இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே காட்டுங்கள்.

எடுத்த உண்ணியை நசுக்காதீர்கள். விரலில் கீறல் இருந்தால் அதன்வழி கிருமி ஏறும். தண்ணீரில் போட்டாலும் நாள்கணக்கில் சாகாது. நான் ஒரு சின்ன பாட்டிலில் ஸ்பிரிட் வைத்திருக்கிறேன். கொக்கியையும் அதிலேயே துடைத்து வைப்பேன். இத்தனை மாதத்தில் பெரிய கொக்கி தேயவில்லை. சின்னதின் ஒரு நுனி மட்டும் லேசாக வளைந்திருக்கிறது.

அந்தச் சின்னது இப்போது மைனி வீட்டு மாடத்தில் இருக்கிறது. போன வாரம் ஆட்டுக்குட்டியின் காதில் உண்ணி என்று வந்து கேட்டார், எப்படித் திருகுவது என்று காட்டிக் கொடுத்தேன். பக்கத்திலேயே படுத்திருந்த சிட்டுவின் முதுகை ஒரு தடவை தடவிவிட்டுப் போனார். இன்னொரு ஜோடிக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன்.