பெயரை மட்டும் மறைப்பதா, ஊரையும் மறைப்பதா?

பாலியல் குற்றத்துக்கு ஆளான சிறுமியைப் பற்றி எழுதும்போது பெயரை மட்டும் நீக்குவது ஒரு வழி. சேலம் நகருக்குள் அது ஓரளவு காக்கும். ஏற்காட்டு மலைக் கிராமத்தில்? ‘காப்பித் தோட்டத் தொழிலாளியின் மகள், ஏழாம் வகுப்பு’ என்று அச்சேறினால், விடிந்ததும் டீக்கடைப் பெஞ்சிலிருந்தே அந்த வீட்டைக் கைகாட்டிவிடுவார்கள்.

ஊர், பள்ளி, பெற்றோர் தொழில் என எல்லாவற்றையும் விட்டுவிடுவது இன்னொரு வழி. செய்தி மொட்டையாகத் தெரியும், தெரியட்டும். சிறப்பு நீதிமன்றத்தின் அனுமதியின்றிக் குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது 2012 போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. மீறினால் ஓராண்டு வரை சிறைகூடக் கிடைக்கும்.

அந்தச் சட்டமே இல்லாவிட்டாலும் நான் இரண்டாவது வழியில்தான் எழுதுவேன். மிச்சமாகும் வரிகளில், குற்றப்பத்திரிகை ஏன் தாமதமாகிறது என்று காவல்துறையைக் கேட்கலாம்.